பாக்கு வைத்து அழைக்கப்பட்ட ஐம்பது கிலோ

செண்பகவல்லி தம்பியின் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவள் உடம்பிலிருந்து இறங்கிய ஐம்பது கிலோ அவளுக்கு முன்பே வந்து மணமேடையில் உட்கார்ந்திருந்தது. அரக்கு நிறப் பட்டு உடுத்தியிருந்தது. அவளுடைய பழைய சேலைதான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மதுரையில் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கிய பிறகு, அது மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அவளை விட்டுக் கிளம்பியது. எங்கேயோ போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அது நேராகக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி, ராமலட்சுமி அத்தை வீட்டில் போய் இறங்கிக்கொண்டது.

அத்தைக்கு அதன்மேல் உயிர். வைத்ததைத் தின்னும். இன்னும் கொஞ்சம் என்றால் தட்டை நீட்டும். அப்படி ஒரு ஜீவனுக்குச் சோறு போட அத்தை வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தாள். கல்யாணம் நிச்சயமானதும் வெற்றிலை பாக்கு வைத்து அதைத்தான் அழைத்தாள். வீட்டிலேயே இருக்கும்போது மதுரைக்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்டாளாம்.

செண்பகத்துக்கு ஒரே ஒரு விஷயம்தான் வேண்டும். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டதும், மற்ற இரண்டையும் அவன் அக்கா போட வேண்டும். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். இப்படியே போனால் இரண்டு வருஷம் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னபோது, அவளுக்கு அந்த இரண்டு முடிச்சும்தான் ஞாபகத்துக்கு வந்தன. கத்திக்குச் சம்மதித்தது அதற்காக.

வாசலில் சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, அரிசி மூட்டை நிறுக்கும் தராசு. பெரியப்பா மகன் கோமதிநாயகம் வருகிறவர்களைத் தராசில் ஏற்றி, முள்ளைப் பார்த்து, சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணு வீடா, மாப்பிள வீடா?"

"மாப்பிளையோட அக்காலே. செண்பகம்."

அவன் முள்ளைப் பார்த்தான். "அக்கா மேடையில இருக்காவ."

"நான்தான்ல அக்கா."

"முள்ளு அப்படிச் சொல்லலியே. சரி, வந்தது வந்துட்டிய. சாப்ட்டுட்டுப் போங்க."

தராசில் ஏறும்போது அவள் யார் தோளையும் பிடிக்கவில்லை. இறங்கும்போதும் பிடிக்கவில்லை. கோமதிநாயகம் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியதை அந்தக் குடும்பம் என்றைக்குக் கவனித்திருக்கிறது.

மேடைக்கு மூன்று படிகள் இருந்தன.

"காத்தடிச்சா பறந்துருவா போல" என்றாள் முன்வரிசையில் ஒரு பெரியம்மா. படி நான்காயிற்று.

"நல்லா இருந்த உடம்ப இப்படி அறுத்துப் போட்டுட்டு வந்து நிக்காளே." படி ஐந்தாயிற்று.

"மூஞ்சில களையே இல்ல." "நடந்தே கொறச்சிருக்கலாம்லா." "பக்கத்துல ஒருத்தியாவது எடுத்துச் சொல்லிருக்கக் கூடாதா." வரிசை வரிசையாக எல்லோரும் இரக்கப்பட்டார்கள். மேடை கழுகுமலை உயரத்துக்குப் போய்விட்டது. உச்சியில் தம்பி திரவியத்தின் தலைப்பாகை குண்டூசித் தலை அளவுக்குத் தெரிந்தது.

அவர்களுக்கு என்ன தெரியும். உட்கார்ந்தபடியே தூங்கிய ராத்திரிகளும், மூச்சுக்காக முகத்தில் மாட்டிய மெஷினும், கட்டிலிலிருந்து குளியலறைக்கு நடுவில் போட்டுவைத்த நாற்காலியும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் இன்னும் ரெண்டு வடை வைத்திருப்பார்கள்.

செண்பகம் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். கீழே பேசப் பேசப் படிகள் கூடின. கூடக் கூட அவளுக்குக் குஷியாகிவிட்டது. பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்து, "இன்னும் பேசுங்க" என்றாள். பேச்சு நின்றது. முழங்கால்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மேடையில் கெட்டிமேளம் எப்போதோ தொடங்கியிருந்தது. கடைசி முடிச்சு விழாமல் நிறுத்தக் கூடாது என்பதால் நாதஸ்வரக்காரர் நிறுத்தவில்லை. திரவியம் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு மஞ்சள் கயிற்றைப் பிடித்தபடி இருந்தான். அவனுக்குத் தாடி வளர்ந்திருந்தது. வாசலில் கட்டிய வாழைக்குலை பழுத்துவிட்டது.

மணப்பெண்ணின் பின்னால் ஐம்பது கிலோ, சேர்த்துப் போட்ட இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து, குனியப் பார்த்துக்கொண்டிருந்தது. குனிய முடியவில்லை. அத்தை அதற்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"நகரு" என்றாள் செண்பகம்.

"எனக்குத்தான் பாக்கு வச்சாவ" என்றது அது. குரல் அவளுடைய பழைய குரல். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

அத்தை விசிறியை நிறுத்தினாள். "யாருட்டி நீ, சபையில வந்து சட்டம் பேசுத?"

"தெரியலன்னா இருக்கட்டும் அத்த. யாருன்னு சொல்லிக்கிட்டு நிக்க நான் வரல. முடிச்சுப் போட வந்துருக்கேன்."

அவள் குனிந்தாள். தன் கால்விரல்களைக்கூடப் பல வருஷம் பார்க்காதவள், தடையில்லாமல் குனிந்தாள். இரண்டாவது முடிச்சு விழுந்தது. மூன்றாவதை வேண்டுமென்றே இறுக்கிப் போட்டாள்.

"மெதுவாக்கா" என்றான் திரவியம், திரும்பிப் பார்க்காமலே.

மேளம் நின்றது. செண்பகத்துக்குக் கண் கலங்கியது. துடைக்கவில்லை. கலங்கினால் கலங்கட்டும்.

பந்தியில் ஐம்பது கிலோ அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. அதன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இத்தனை வருஷம் எவர் மனசும் நோகாமல் தின்றது அதுதான்.

"வீட்டுக்கு வந்துரட்டுமா?" என்று அது மெல்லக் கேட்டது.

"வேண்டாம். அத்த வீட்டுல ஒனக்கு ஒரு கொறையுமில்ல."

அது தலையாட்டிவிட்டு அவியலில் கை வைத்தது.

செண்பகம் கொஞ்சம் பருப்பும் அரைக் கரண்டி சோறும் மென்று மென்று சாப்பிட்டாள். வயிறு சரி என்றது. இலையில் மீதி மலைபோல் இருந்தது. பரிமாறுகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இலை நீண்டு மண்டபத்தைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரை போயிற்று. அதன்மேல் சாம்பார் வாளியோடு இரண்டு பேர் நடந்துபோனார்கள். வரிசையில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு, ஒருத்தி முடிக்காமல் எப்படி எழுந்திருப்பது என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜாங்கிரித் தட்டோடு அத்தை வந்தாள். அவளை உற்றுப் பார்த்தாள். பக்கத்தில் இருந்ததையும் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள். அத்தையின் முகம் இளகியது.

"ஏட்டி செண்பகம், நீதானா. ஒண்ணே ஒண்ணு. அத்தைக்காக."

அன்றைக்கு முதல்முறையாக ஒருவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஜாங்கிரியில் பாகு சொட்டிக்கொண்டிருந்தது.

"போதும் அத்த" என்றாள் செண்பகம்.

அந்தச் சொல்லை அந்த மண்டபத்தில் யாரும் அதுவரை கேட்டதில்லை. தவில்காரர் சாப்பிட்ட கையைக் காற்றில் நிறுத்தினார்.

அவள் இலையின் மேல்பாதியை இரண்டு கையாலும் பிடித்தாள். பஸ் ஸ்டாண்டு வரை போயிருந்த இலை முழுவதையும் தன்னைப் பார்த்து மடித்தாள்.

நாதஸ்வரக்காரர் எழுந்து, கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று விரலை ஆட்டினார். தவில்காரர் எச்சில் கையோடு அடித்தார். எல்லோரும் அட்சதை போட்டார்கள்.