களஞ்சியத்தில் காத்திருந்த கிழவர்

எழுந்ததற்கே வருந்துவதுபோல் கதிரவன் கீழ்வானில் வெளிறி நிற்க, ஒரு மேடும் மரமும் மறிக்காமல் வானின் விளிம்புவரை வெண்பனி விரிந்து கிடக்க, வேலிக்கம்பிகளும் குளிர் பொறாது முனகிய அந்தக் காலையில், சஸ்காச்சுவான் புல்வெளியின் முதுபெரும் உழவர் தோர்கில், தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சாவோடு மல்லுக்கட்டியபின், போனால் போகிறதென்று அதற்கு விட்டுக்கொடுத்தார்.

நார்வேயிலிருந்து வெறுங்கையோடு வந்து கன்னிநிலம் கீறிய அப்பெருமகனின் வாழ்வை என்னென்று சொல்வது! எருது வீழ்ந்த அன்று தாமே நுகத்தில் தோள்கொடுத்து உழுதார் என்பர். அந்தச் சால் எருது உழுததைவிட நேராயிருந்தது என்றும் சாதிப்பர். வெட்டுக்கிளிப்படை நாட்டையே மொட்டையடித்த ஆண்டில், அவர் முகங்கண்டு அஞ்சி அவர் வயலை மட்டும் விட்டுப் பறந்தது என்பாரும் உளர். அது பொய், அவர் வயலையும் தின்றே தீர்த்தது. பெற்ற மக்களுள் பாதிப்பேரை அவர் கையாலேயே புதைத்தார் என்பதோ மெய்.

அத்தகையவரையும் முறித்தது ஒரு பனிக்காலம். மண் இரும்பாய் இறுகிய நாளில் மனைவி இறந்தாள். குழிதோண்ட இயலாமல், அப்புல்வெளி மக்களின் வழக்கப்படி, அவள் பேழையைக் களஞ்சியத்தில் வைத்தனர். பனி இளகும்வரை நாள்தோறும் அப்பேழையின் அருகே குனிந்து, மாடுகளுக்குத் தீனி அள்ளினார் தோர்கில். அன்றுமுதல் அவருக்கிருந்த அச்சம் அது ஒன்றே. "எய்னார், என்னைய மட்டும் அங்க போட்டுறாதடா. உடனே குழிக்குள்ள வச்சிரு," என்று இளைய மகனிடம் வாக்கு வாங்கினார்.

உறைந்த மண்ணை இளக்க ஒரே வழி, அதன்மேல் வைக்கோலைக் குவித்து இரவும் பகலும் எரிப்பது. ஆனால் வான் பொய்த்த அவ்வாண்டில், வைக்கோற்போர் ஆட்டுக்குட்டி தாண்டும் அளவே இருந்தது. அதையும் எய்னார் சறுக்குவண்டியில் ஏற்றக் கண்டு அவன் தமக்கை இங்கா ஓடிவந்தாள்.

"என்னடா பண்ற?"

"அப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்க்கா."

"மாட்டுக்கு யாரு குடுத்தா? அத்தனையும் சினையா நிக்குது. இத எரிச்சுட்டு, அதுங்களுக்கு உன் தாடியவா புடுங்கிப் போடுவ?"

"என்னை நம்பித்தானே போனாரு!"

"இப்ப எந்திரிச்சு வந்தாருன்னா, உன் கையில இருக்கிற கவைக்கோலப் புடுங்கி, அதாலயே நாலு சாத்துவாரு. மாட்டப் பட்டினி போட்ட மனுசனாடா அவரு?"

எய்னார் சிரித்தான், சிரிப்போடு வந்த கண்ணீர் தாடியை எட்டுமுன் உறைந்தது. ஏற்றிய வைக்கோலை ஒவ்வொரு பிடியாக இறக்கினான். பிறகு இருவருமாகத் தந்தையைச் சுமந்துசென்று கோதுமைக் குவியலருகே கிடத்தினர்.

தந்தை குனிந்த இடத்திலேயே மகனும் நாள்தோறும் குனிந்தான். "மன்னிச்சிருப்பா," என்று முதலில் சொன்னவன், பின்னர் எந்தப் பசு ஈன்றது என்று மட்டும் சொல்லலானான். மண் இளகியதும், அவரை மனைவியின் அருகே அடக்கம் செய்தனர்.

"உனக்கு ஏதாச்சும் வாக்கு வேணுமாடா?" என்றாள் இங்கா, மண்வெட்டியைத் துடைத்தபடி.

"வேணாங்க்கா. நான் கோடையில சாகப் பாக்குறேன்."

இருவரும் நகைத்தனர். பிழைத்த கன்றுகள் வெளியெங்கும் துள்ளின; ஆறுகள் இளகி ஓடின; தந்தைக்குக் கொடுத்துக் காக்காமல் எய்னாரின் நெஞ்சில் உறைந்த அந்த ஒரு சொல்லை இளக்கும் வேனில் மட்டும், அவன் வாழ்நாளில் வரவேயில்லை.