துறந்தோர் என்னும் சொல்

வடகிழக்குப் பருவமழை விடாது பொழிந்து ஓய்ந்திருந்த கார்த்திகைத் திங்களின் பிற்பகலொன்றில், கடல் இன்னும் சீற்றம் தணியாமல் கரைக்கற்களின்மேல் மோதிக்கொண்டிருக்க, புதுவை நகரம் தலை துவட்டாத குழந்தையைப் போல ஈரம் சொட்ட நின்றது. கடலோரத்துப் பழைய தெருக்களில் மஞ்சள் சுவர்கள் நனைந்து நிறம் ஆழ்ந்திருந்தன; கால்வாயைக் கடந்து மேற்கே வந்தால், சாரம் என்னும் பகுதியின் தெருக்களில் தேங்கிய நீரை வண்டிகள் வாரியிறைக்க, வழிப்போக்கர் ஓட்டுநரின் முன்னோர் அனைவரையும் வாய்விட்டு நினைவுகூர்ந்தபடி ஒதுங்கினர்; வடக்கே லாஸ்பேட்டையின் கல்லூரிகள் மாணவரை வெளியே விட, அவர்தம் ஈருருளிகளின் இரைச்சல் தெருவெங்கும் நிறைந்தது. உழவர்கரையிலே, மணநாள் அல்லாமையால் ஒழிந்து கிடந்த திருமண மண்டபம் ஒன்றின் வாயிலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அங்கே அன்று மணமில்லை. ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு விருது வழங்கும் விழா.

அவ்விருதைப் பெறவிருந்தவள் கார்குழலி. நாற்பதை நெருங்கியவள், கல்லூரியொன்றில் வரலாறு கற்பிக்கும் நிலையில்லா ஆசிரியை. வரும் கல்வியாண்டில் உனக்கு இடமில்லை என்று கல்லூரியார் தேன் தடவிய சொற்களால் முன்னரே சொல்லிவிட்டனர். பல்லாண்டு அலைந்து திரட்டிய ஆராய்ச்சியை நூலாக்க அவளுக்கு வேண்டியிருந்தது, எவர் வாயிலிலும் போய் நில்லாமல் எழுதுவதற்கு ஈராண்டுக் காலம். அதைத் தரவல்லது மெய்ந்நெறி அறக்கட்டளை ஒன்றே. சமயமும் ஆட்சியும் ஒன்றையொன்று தழுவியும் முட்டியும் நடந்த கதையை ஆராய்வோர்க்கு ஆண்டுதோறும் விருதும் நல்கையும் வழங்குவது அது. ஆனால் அதற்கொரு கடுநோன்பு உண்டு: விண்ணப்பத்தில் பிறமொழிச் சொல் ஒன்றுகூடக் கலத்தலாகாது. கலந்தால் பிரித்தும் பாரார்.

இங்கேதான், படிக்கும் பெருமக்களே, வினை பிறந்தது. நானும் பிறமொழி கலவாமலே இக்கதையைச் சொல்லிமுடிக்க எண்ணியவன். ஆயினும், பெயர்களும் பேச்சில் வரும் விளிகளும் நீங்கலாக, ஒரே ஒரு சொல்லை உள்ளே விடாமல் என்னால் மேலே நடக்க இயலவில்லை. பிரெஞ்சியர் இவ்வூரை ஆண்ட நாளில், பிறந்த குலத்தின் வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு அவர்தம் நாட்டுச் சட்டத்தை ஏற்றுக்கொள்ள விழைந்தோர், அலுவலர் முன்னிலையில் ஒப்பமிட்டுப் புதியதொரு குடும்பப் பெயரைப் பூண்டனர். விட்டவர் என்னும் பொருளில் அவர்களை ‘ரெனோன்சான்’ என்றனர். இன்றும் இவ்வூரில் அச்சொல்லைச் சொன்னால் போதும், இன்ன வீட்டார் என்று கை நீட்டிக் காட்டுவார்கள். அவர்கள் வழிபட்ட தெய்வமும் தேர்தலில் அவர்கள் இட்ட வாக்கும் எவ்வாறு இணைந்தன என்பதே கார்குழலியின் ஆராய்ச்சி.

அவ்வழியில் வந்தவர் பெர்னார் லூதோவிக். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து மீண்டு சாரத்தில் வாழும் முதியவர். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் மண்டியிடுபவர். ஆடி பிறந்தால் உழவர்கரை மாரிக்குக் கூழும் வார்ப்பவர். கடல் கடந்த நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் புதுவை வெயிலில் வரிசையில் நிற்பவர். அவருடைய பாட்டனின் தந்தை பண்ணையாள். பாவாடை என்பது பெயர். ஊர்ப் பொதுவழியில் மேற்குலத்தார் எதிர்ப்பட்டால் இறங்கி நிற்க வேண்டியவராயிருந்த அவர், ஒருநாள் நகருக்கு நடந்துவந்து, எழுதத் தெரியாமையால் தாளில் ஒரு கீறல் கீறிவிட்டு, லூதோவிக் ஆகித் திரும்பினார். பெர்னார் இதை எவர்க்கும் சொன்னதில்லை. பாவாடை என்றால் உடுக்கும் துணியன்றோ என்று பிள்ளைகள் நகைப்பார்களென அஞ்சி, பிரான்சில் வாழும் மகள் அமாந்தினுக்கும் மறைத்தே வைத்திருந்தார்.

கார்குழலியிடம் மட்டும் அவர் வாய் திறந்தார். அதற்கு ஆண்டுக்கணக்காயிற்று. முதலில் குளம்பிநீர் தந்து அனுப்பிவிட்டார். பின்னர் வானிலை பேசினார். அதன்பின் ஒரு மழைநாளில் தாமாகவே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். கேட்டதெல்லாம் ஒன்றே. “பொஸ்தகத்துல அவர் பேரு ஒரு எடத்துல வந்தாப் போதும், மதாம். எம் பொண்ணுக்குத் தமிழ் படிக்க வராது. நானே படிச்சுக் காட்டிடுவேன். அச்சுல இருக்கிற பேரைப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்க.” ஐயா என்பதற்கு ஈடாக அவரை முசே என்று அழைத்துப் பழகிய கார்குழலி, முதற்பக்கத்திலேயே வரும் முசே என்று வாக்களித்தாள். மனமாரத்தான் சொன்னாள்.

விண்ணப்பம் எழுத அமர்ந்தபோது ரெனோன்சானுக்கு அவள் இட்ட தமிழ், ‘துறந்தோர்’. பிழையென்று எவர் சொல்ல முடியும்? அழகான சொல். நூலுக்குத் ‘துறந்தோரும் ஆட்சியும்’ என்று தலைப்பிட்டாள். சுருக்கமாக எழுதுக என்றிருந்தமையால் இவ்வாறு எழுதினாள்: குலநெறியைத் துறந்து, பிறந்த பெயரைத் துறந்து, சான்றோர் முன்னிலையில் உறுதி மொழிந்து புதுப்பெயர் பூண்டு, பின்னொருநாளும் திரும்பவியலாத வாழ்வை மேற்கொண்டோர், தம் தெய்வத்தோடும் தம்மை ஆண்டவரோடும் கொண்ட உறவு யாது? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். இவ்வரிகளைத் தனியே படித்திருந்தால் உங்கள் கண்முன் வந்து நிற்பவர் பெர்னாரா, காவியுடுத்த அடிகளாரா? ஒரு பிறமொழிச் சொல்லை வாயிற்படியில் நிறுத்திவிட்டு, ஓர் ஊரின் கதையையே வெளியே தள்ளிவிட்டாள் பேதை. அவள் அதை அறியவில்லை. விருது கிடைத்த செய்தி வந்த அன்று பெர்னாரின் வீட்டுக்கு ஓடிச்சென்று சொன்னாள். அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விழா மேடையின் பின்புறம் ஆலமரத்தடியில் சடைமுடியோடு அமர்ந்த முனிவரின் படம் ஒன்று பெரிதாய் விரிந்திருந்தது. அறக்கட்டளையின் இலச்சினை போலும் என்று கார்குழலி எண்ணிக்கொண்டாள். முன்வரிசையில் பெர்னார், படைநாளைய நீலச் சட்டையில் பதக்கங்கள் மின்ன அமர்ந்திருந்தார். வயிற்றுப்பக்கம் சட்டையின் இருபுறமும் சேரவில்லை. அறக்கட்டளைச் செயலர் மதிவாணன் எழுந்து பாராட்டுரை படித்தார். மண்ணாசை பெண்ணாசை நீத்த மாதவத்தோர் மன்னர்க்கு அறம் உரைத்த மாண்பினை ஆராயும் மங்கை என்றார். காவியும் செங்கோலும் கைகோத்த வரலாறு என்றார். முற்பகல் மழைக்கு ஒதுங்கி அப்படியே அமர்ந்துவிட்டவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள்.

முதல் தொடரிலேயே கார்குழலிக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபின் அவளுக்கு அச்சமும் வரவில்லை, நகைப்பும் வரவில்லை. நெடுநேரம் மடக்கி அமர்ந்த கால் தன் காலென்றே தோன்றாதிருக்குமே, அவ்வாறு அவள் உள்ளம் மரத்துப் போயிற்று. மதிவாணன் பொன்னாடை போர்த்த வந்தபோது, துறந்தோர் என்று தான் எழுதியது துறவியரை அன்று, புதுவையில் குலச்சட்டம் விட்ட குடும்பத்தாரை என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். தீயவரல்லர் அவர், ஆடையின் மடிப்பைச் சரிசெய்வார் போலக் குனிந்து மெல்லச் சொன்னார்:

“அம்மையீர், தேர்வுக்குழு துறவியர் என்றே கொண்டது. மெய்யைத் தாங்கள் அவையில் கூறலாம். கூறினால் நல்கை அடுத்தவரைச் சேரும். கூறாவிடில், துறவியரைப் பற்றியே எழுதித் தரவேண்டும். முடிவு தங்களுடையது.”

ஒலிவாங்கியின் முன் அவள் வந்து நின்றாள். ஏற்புரையில் சொல்வதற்கென்று அவள் உருவேற்றி வந்திருந்த முதற்சொல், பாவாடை. அப்பெயர் நாவின் நுனிவரை வந்தது. பெர்னார் காது சரியாகக் கேளாதவராகையால் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முனிவர் படமும் மாதவத்தோர் பேச்சும் அவருக்கும் விளங்கியிருந்தன. ஆயினும் அவர் முகத்தில் கலக்கமில்லை. இதோ மதாம் எழுந்துவிட்டாள், எல்லாவற்றையும் நேர்செய்துவிடுவாள் என்றே அவர் நம்பினார். அந்நம்பிக்கையை அவள் கண்டாள். கண்டும் அவள் நினைவில் ஓடியது அடுத்த ஆண்டு வீட்டு வாடகையும், கல்லூரிப் படிகளில் இனிக் கால்வைக்க முடியாமையும். கைகூப்பி, “நன்றி” என்றாள். ஒருமுறை தலைதாழ்த்திக் கும்பிட்டாள். அவ்வளவே அவளது ஏற்புரை. அடக்கமான அறிஞர் என்று அவை மகிழ்ந்து இன்னும் பலமாய்க் கைதட்டிற்று.

விழா முடிந்து, மண்டபத்தார் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த பொழுதில், பெர்னார் அவளருகே வந்தார். அவர் சினந்திருந்தால் அவளுக்கு எளிதாயிருந்திருக்கும். அவர் பொன்னாடையின் கரையைத் தொட்டுப் பார்த்து, நல்ல நெசவு என்றார். வரும் ஆண்டு என்ன செய்வீர்கள் என்று கவலைப்பட்டேன், இனிக் கவலையில்லை என்றார். உங்களையும் ஓர் இயலில் சேர்த்துவிடுவேன் முசே என்று அவள் சொல்லத் தொடங்க, வேண்டாமென்று கையசைத்தார். துறவியர் நடுவே பாவாடைக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. அவளுக்குத்தான் அப்படிக் கேட்டது. பிறகு, குற்றம் சொல்லும் குறிப்புச் சிறிதுமின்றி, கணக்கு நேராயிற்று என்பவர்போல அவர் சொன்னார்:

“எழுதத் தெரியாத எங்க கொள்ளுத் தாத்தா, சாதியை விடறதுக்கு ஒரு கீறல் போட்டாரு. நீங்க எங்கள விடறதுக்கு ஒரு கும்பிடு போட்டீங்க. வாழணும்ல, மதாம். அவரும் அதுக்குத்தான் போட்டாரு. நான் போறேன், மழ வரும்போல இருக்குது.”

குடையை ஊன்றிக்கொண்டு ஈரத்தெருவில் அவர் நடந்து மறையும்வரை அவள் வாயிலில் நின்றாள். அழுகை வருமென்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பொன்னாடையை மடித்து ஈருருளியின் இருக்கைக்கு அடியில் வைத்தாள், வழியில் பால் வாங்கினாள், லாஸ்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தாள். நாளடைவில் துறவியரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினாள். சாரம் வழியே போகவேண்டிய நாள்களில் சற்றுச் சுற்றிப் போகப் பழகினாள்.

ஈராண்டு கழிந்து நூல் வெளிவந்தது. செறிவான நூல் என்று அறிந்தோர் புகழ்ந்தனர். அதன் பயனாய் நிலையானதொரு பணியும் அவளுக்கு வாய்த்தது. முதற்படி ஒன்றை அவள் பெர்னாருக்கு அனுப்பவில்லை. அனுப்பி எதைப் படித்துக் காட்டச் சொல்வது? பண்டு குலம் துறந்து ஒருவர் தலைநிமிர்ந்தார். அவர் பெயரைத் துறந்து மற்றொருத்தி நிலைபெற்றாள். இருவர்க்கும் தமிழ் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தது. அட்டையில் பொறித்த ‘துறந்தோரும் ஆட்சியும்’ என்னும் தலைப்பில் ஓர் எழுத்தையும் அவள் மாற்ற வேண்டியிருக்கவில்லை.