அலியா, டைசனா, அப்பாவா

கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா முனையிலுள்ள தோசைக்கடையில், ஞாயிறு காலைகளில் குத்துச்சண்டைச் சங்கத்தார் கூடுவார்கள். அலி பெரியவரா, டைசன் பெரியவரா? பேச்சு எப்போதும் அதுதான். இருவரும் தங்கள் உச்சத்தில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று தோசை ஆறும்வரை கத்துவார்கள்.

என் அப்பா பரமேஸ்வரன் எண்பதுகளில் சிலாங்கூர் மாநிலத்துக்காகச் சண்டை போட்டவர். அந்த மேசையில் நடு நாற்காலி அவருடையது. அவரைக் காரில் கூட்டிவந்துவிட்டு, நான் பக்கத்து மேசையில் பேசாமல் சாப்பிடுவேன்.

அன்று சங்கச் செயலாளர் கார்த்திகேசு அங்கிள் ஒரு சுவரொட்டியை விரித்தார். 'அந்தக் காலமா, இந்தக் காலமா?' ஆண்டு விருந்தில் அப்பாவும், மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்த இந்த ஆண்டுச் சாம்பியன் தனேஷும் மூன்று சுற்று மோதுவார்கள்.

"பேசிப் பேசி என்ன லா கண்டோம்? ரிங்ல ஏத்திப் பார்த்துருவோம்!" என்றார்.

"அண்ணனோட லெஃப்ட் ஹூக் வாங்குனா தனேஷ் நேரா ஆஸ்பத்திரிதான்," என்றார் இன்னொருவர்.

அப்பாவும் சிரித்தார். இடக்கை மட்டும் மேசைக்கு மேலே வரவில்லை. அதைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கி வைத்திருந்தார். கொஞ்ச காலமாக அது நடுங்குகிறது. அவருடைய சட்டைப் பொத்தான்களை நான்தான் போட்டுவிடுகிறேன்.

"டாக்டர் பார்க்காம ரிங்ல ஏத்தலாமா அங்கிள்?" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகக் கேட்டேன்.

"சும்மா எக்ஸிபிஷன் மேட்ச்மா. டாக்டர்லாம் எதுக்கு?" என்றார் அவர்.

மூளையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க, சண்டைக்கு முன் மருத்துவர் என்ன செய்யச் சொல்வார் என்பது அந்த மேசையில் எல்லாருக்கும் தெரியும். எழுந்து அப்பாவிடம் போனேன்.

"அப்பா, கண்ணை மூடிக்கிட்டு இடக்கையால மூக்கைத் தொடுங்க."

"மாதவி, போய் உட்காரு."

"தொடுங்கப்பா."

மறுத்தால் என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும். கண்ணை மூடினார். நடுங்கி வந்த விரல் கன்னத்தில் குத்தியது. மறுபடி முயன்றார். இம்முறை உதடு.

தனேஷ் தலையைக் குனிந்துகொண்டான். கார்த்திகேசு அங்கிள்தான் முதலில் வாய் திறந்தார். "இதுக்கு ஏன்மா பயப்படுறே? அலிக்கும் இப்படித்தானே கை ஆடுச்சு. பெரிய ஆளுங்களுக்கு வர்றது லா. மெடல் மாதிரி."

"அப்ப உங்களுக்கு ஏன் அங்கிள் அந்த மெடல் வரல? ஒருநாளாச்சும் கிளவுஸ் மாட்டியிருக்கீங்களா? நீங்களும் அந்தக் காலத்து ஆள்தானே, நீங்க ஏறுங்க!"

சுவரொட்டியைக் கிழித்து அவருடைய சாம்பாரில் போட்டேன்.

"நான் ஏறல அங்கிள்," என்றான் தனேஷ். "வேற ஆளைப் பாருங்க."

காரில் ஷா ஆலம் தாண்டியதும் அப்பா சொன்னார்: "கண்ணைத் திறந்து வச்சிருந்தா தொட்டிருப்பேன்."

என் கோபம் இப்போது அவர்மேலும் இருந்தது.

சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினேன். பக்கத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முயன்றுகொண்டிருந்தார். நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.