இன்னும் ஒரு வருஷம்

வீட்டில் இரண்டே பிள்ளைகள். ஒருத்தி பெரியவள், இன்னொருவன் சின்னவன். அப்பாவும் அம்மாவும் போன பிறகும் அந்தப் பெயர்கள் போகவில்லை. பெரியவள் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். கெட்டிக்காரன், நின்றுபோன லிஃப்டின் கதவில் காதை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். அந்தக் காதுக்குள்தான் பிறகு வேறு குரல்கள் வந்து குடியேறின.

ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் காவலாளி லிஃப்ட் குழி வழியாகத் தன்னை ஒட்டுக்கேட்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு மத்தியானம் ஸ்பானரால் அந்த மனிதரின் முகத்தில் அடித்துவிட்டான். அவருக்கு ஒரு கண் போயிற்று. புத்தி பேதலித்த நிலையில் செய்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, சிறைக்குப் பதிலாக மனநல மருத்துவமனையின் பூட்டிய வார்டுக்கு அனுப்பியது. அவனை வெளியே விடலாமா, கட்டாயச் சிகிச்சையை நீட்டிக்கலாமா என்று வருஷா வருஷம் ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யும்.

ஒவ்வொரு முறையும் பெரியவள், “நான் பார்த்துக்கறேன், அனுப்பிடுங்க” என்று கெஞ்சுவாள். ஒவ்வொரு முறையும் நீட்டித்துவிடுவார்கள். இந்த முறை காற்று அவள் பக்கம் அடித்தது. சின்னவன் வார்டில் அடங்கி ஒடுங்கி இருந்தான். தினமும் பளபளவென்று முகம் மழித்துக்கொண்டு நிற்பதால் நர்சுகள் அவனுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சோதனையாகச் சில நாள் அக்கா வீட்டுக்கும் அனுப்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சில நாளில் நடந்ததை அவள் வெளியே மூச்சு விடவில்லை. திரும்பக் கொண்டுபோய் விட்டபோது, “எப்படியிருந்தான்?” என்று டாக்டர் கேட்டதற்கு, “தங்கமா இருந்தான்” என்றாள்.

குழு மருத்துவமனையின் மாடியில் கூடியது. நீண்ட மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், புழுக்கம் தாங்காமல் யாரோ பாதி திறந்துவைத்த ஜன்னல். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதியம்மா. பின்வரிசையில் கறுப்புக் கண்ணாடியுடன் அந்தக் காவலாளி. வருஷம் தவறாமல் வருவார், ஒன்றும் பேசமாட்டார், போய்விடுவார்.

டாக்டர் எழுந்து, “இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கணும்னு எனக்குப் படுது. ஆனா இதுதான் காரணம்னு கையில பிடிச்சுக் காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்லை” என்றார்.

சின்னவனின் வக்கீலுக்கு முகம் மலர்ந்தது. “வீட்டுல கூட வச்சிருந்த அக்காவே வந்திருக்காங்க. அவங்களைக் கேளுங்க” என்றார்.

பெரியவள் எழுந்தாள். சொல்ல வேண்டியதை வேனிலேயே மனப்பாடம் செய்திருந்தாள். தனி அறை இருக்கிறது, புது மெத்தை வாங்கியிருக்கிறேன், மாத்திரையை நானே கொடுப்பேன்.

நீதிபதியம்மா அதையெல்லாம் கேட்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துவிட்டு, “தம்பி வீட்டுல இருந்தப்போ நீங்க தூங்கினீங்களாம்மா?” என்றார்.

இத்தனை வருஷத்தில் அவள் தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துபோயிற்று.

“இல்லைங்கம்மா” என்றாள். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. “மாத்திரையை நாக்குக்கு அடியில ஒதுக்கி வச்சுத் துப்பிட்டான். சுவிட்ச் போர்டெல்லாம் கழட்டிப் பார்த்தான். மாடி வீட்டுக்காரர் வேணும்னே தன் தலைக்கு நேரா நடக்கறார்னான். தலையணையைத் தூக்கினா அடியில ஸ்பானர் இருந்துச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்தி இறக்கற கை இது. அன்னைக்கு ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாம நடுங்குச்சு. அவனை அனுப்பாதீங்கம்மா. இன்னும் கொஞ்ச நாள் நீங்களே வச்சிருங்க.”

வக்கீலுக்குப் பக்கத்தில் இருந்த சின்னவன் திரும்பிப் பார்த்தான். சத்தம் போடவில்லை. “அக்கா, உன்னையத்தானே நம்பியிருந்தேன்” என்றான். அவன் நாலு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது.

ஒரு வருஷம் நீட்டித்தார்கள்.

கீழே இறங்கி வந்தவள் வாசல் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரோ டீ கப்பை நீட்டினார்கள். காவலாளி.

“குடிம்மா. வருஷா வருஷம் நான் ஏன் வர்றேன் தெரியுமா? அந்தப் பையனை வெளிய விட்டுடுவாங்களோன்னு பயம். திட்டறதுக்கில்ல, பயம்தான். வீட்டு ஆளே உண்மையைச் சொன்னதால இன்னைக்குத்தான் நிம்மதியாப் போறேன். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.”

“நீங்க எனக்கா நன்றி சொல்றது?” என்றவள், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் பக்கத்திலேயே இருந்தார். அவள் அழுது முடிக்கும்வரை தன் டீயைத் தொடவில்லை.

அதன் பிறகு பார்வையாளர் நேரத்துக்குப் போகும்போதெல்லாம் சின்னவன் அவளைப் பார்க்க மறுத்தான். வார்டு நர்ஸ் மட்டும் கம்பிக் கதவு வரை வந்து, “இன்னைக்கும் வரமாட்டேன்னுட்டான் உங்க மாப்பிள்ளை. ஆனா நல்லாச் சாப்பிட்டான். நேத்து கேரம்ல என்னை மண்ணைக் கவ்வ வச்சுட்டான்” என்று சேதி சொல்லிவிட்டுப் போவாள். சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றும் அவளுக்கு இல்லை. அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டே பெரியவள் அடுத்த முறை வரை ஓட்டிவிடுவாள்.

டாக்டர் இதற்குள் மருந்தை மாற்றியிருந்தார். “நீங்க சொன்னதாலதான் மாத்திரை அவன் வயித்துக்குப் போகவே இல்லைன்னு புரிஞ்சுது. இப்போ ஊசி போடறோம்” என்றார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், நனைந்து போய் நின்றவளுக்கு எதிரே கதவு திறந்து சின்னவன் வந்தான். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. முகத்தில் ரெண்டு நாள் தாடி.

“அக்கா, குடை எடுத்துட்டு வர மாட்டியா?” என்றான்.

பார்வையாளர் அறையில் மேசைமேல் கையை வைத்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அவனே பேசினான். “தலைக்குள்ள இப்போ சத்தம் இல்லக்கா. கடை மூடின தெரு மாதிரி இருக்கு. முதல்ல அதுவே பயமா இருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்தினான். “அந்த ஸ்பானரை நான் எதுக்கு வச்சிருந்தேன்னு எனக்குத் தெரியும். மாடி வீட்டுக்காரருக்கில்ல. உனக்குத்தான். நீயும் என்னை ஒட்டுக்கேட்கறவங்க ஆள்னு நினைச்சேன்.”

பெரியவள் மேசைமேல் இருந்த கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“நல்லவேளை அன்னைக்கு நீதிபதியம்மாகிட்ட சொன்னே. இல்லாட்டி இன்னைக்கு எனக்கு அக்கான்னு கூப்பிட ஆளே இருந்திருக்காது.”

மேசைக்கு மேலாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மூலையில் இருந்த நர்ஸ், பார்வையாளர் நேரம் முடிந்ததற்கான மணி அடித்ததும் எழுந்தாள். இருவரையும் பார்த்தாள். பிறகு, ஜன்னல் வழியே மழை விட்டுவிட்டதா என்று பார்ப்பவள்போல முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.