கிருமிதானுங்களா

...அப்படியென்றால் வெறும் கிருமிதானா, கண்ணுக்குத் தெரியாத கிருமி, டாக்டரம்மா சொல்லி முடித்ததுமே கனகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சீக்கு இருக்கிறது என்று சொன்னால் யாராவது சிரிப்பார்களா, ஆனால் அடக்க முடியவில்லையே, ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்... மாமியார் மாசாணியம்மாள் மாத்திரைப் பையைப் பிடித்தபடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். போன தடவை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஒரு பகல்கூடத் தங்காமல் போன குழந்தை... அதற்குத்தான் எத்தனை காரணம், உடுமலைச் சந்தைக்கு மொபெட்டில் போனாளே அதனால், பப்பாளி தின்றிருப்பாள், தோப்பில் குனிந்து தேங்காய் பொறுக்கினாளே... ஊரார் சொன்ன ஒவ்வொன்றையும் நம்பினாள், நம்பி நம்பி இந்தத் தடவை வயிற்றில் தங்கியதிலிருந்து தும்முவதற்குக்கூடப் பயந்தாள்.

வெள்ளைப்படுகிறதா, மீன் வாடை அடிக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள்... பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்தது வலிக்கவேயில்லை, கூச்சம்தான், இதற்கா இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம்? "முன்னாடி குறைமாசத்துல பொறந்திருந்தா இதைப் பார்த்துடணும்மா. மாத்திரையை ஒரு வாரம் விடாம சாப்பிடு, சரியாயிடும்." போன தடவையும் இதனால்தானுங்களா? "இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை." எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள், அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்திக்கொண்டே... அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கலாமோ?

வாசலில் காத்திருந்த புருஷன் பொங்கியண்ணன் பதறிப்போய் எழுந்தான். ஏனுங்க, சீக்குத்தானுங்க, மாத்திரையில போயிருமாமுங்க... "சீக்குன்னு சொல்லிப்போட்டு இப்படிச் சிரிக்கறயே அம்மணி!" என்றான், அவனுக்கும் தொற்றிக்கொண்டது, கண்ணில் நீர் வர வர இரண்டு பேரும் தெருவில் நின்று சிரித்தார்கள், சேர்ந்து இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று... எல்லாருக்கும் பன்னும் டீயும் வாங்கிவர எதிர்த்த பேக்கரிக்கு ஓடினான், கல்யாணப் பந்தியில் பரிமாறப் போகிறவன் மாதிரி.

அவன் போனதும் மாமியார் பக்கத்தில் நெருங்கி வந்தாள். "எனக்கும் அந்த வாடை இருந்துச்சு கண்ணு. மூத்ததுக ரெண்டுக்கும். ஆருகிட்டப் போய்ச் சொல்றது?" மூத்ததுகளா... இவர்தானே தலைப்பிள்ளை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்? வயிற்றுக்குள் ஒரு உதை, கனகம் சட்டென்று அத்தையின் கையை இழுத்து அங்கே வைத்தாள், "அடியே, உதைக்குது பாரு!" என்று சிரித்தாள் மாசாணியம்மாள், அந்தக் கை விலகாமல் அங்கேயே இருந்தது... ஆணா பெண்ணா அந்த இரண்டும், பெயரேதும் வைத்துக் கூப்பிட்டாளா, இப்போது கேட்கலாமா, கேட்டால் இந்தச் சிரிப்பு நின்றுவிடுமா, இல்லை, யாராவது கேட்க வேண்டுமென்றுதான் இத்தனை காலம்...