ஹெட்லியின் அறைக்குச் சூடு வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் கிளைவ் ஐந்தாவது முறையாக மாடியறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டார். மறந்து வைத்த டீ அளவுக்குத்தான் சூடு. கீழே சமையலறையில் இருப்பதோ கை வைத்தால் பொசுக்குகிறது. அதே பாய்லர், குழாயில் ஓடுவது அதே வெந்நீர், கோடியில் இருக்கும் இந்த அறைக்கு மட்டும் ஓரவஞ்சனை.

இந்த அறை அண்ணன் ஹெட்லிக்காகத் தயாரானது. எழுபத்தொரு வயதில் ஸ்கிப்டன் ஊரில் தனிக்கட்டையாக இருக்கிறார். போன பனிக்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றிச் சமையலறைத் தரையில் கிடந்தவரைப் பால்காரர்தான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து டெலிபோன் மணி அடித்தாலே கிளைவ் ஓடிப்போய் எடுப்பார். குளிர்காலம் முடியும்வரை ஹாலிஃபாக்ஸில் எங்களோடு இரு என்று எட்டு மாதம் கெஞ்சியதற்கு ஹெட்லி இந்த அளவுக்குத்தான் இறங்கி வந்தார்: "ஞாயித்துக்கெழம டீக்கு வரேன். பிடிச்சா பாக்கலாம். இல்லன்னா ஆறு மணி பஸ்ஸப் புடிச்சிடுவேன்."

காற்று அடைத்திருக்கும் என்று காலையிலேயே சின்னச் சாவியைப் போட்டு எல்லா ரேடியேட்டர்களிலும் திறந்து பார்த்தாயிற்று. காற்று வரவில்லை. கறுப்புத் தண்ணீர் வந்து கம்பளத்தில் கோலம் போட்டதுதான் மிச்சம்.

நொரீன் கதவருகே வந்து நின்றாள். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குப் புருஷனின் முதுகைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

"பிளம்பரக் கூப்பிடு."

"எதுக்கு? நான் கழட்டினது, நானே மாட்டினது."

"அதான் பயமா இருக்கு."

செப்டம்பரில் வீடு முழுக்கச் சுவருக்குப் புதுப் பேப்பர் ஒட்டினார்கள். தெருவில் மற்றவர்கள் ரேடியேட்டருக்குப் பின்னால் பேப்பரின் நுனியைச் செருகிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். கிளைவ் அப்படி விடுகிற ஆள் இல்லையே. ஒவ்வொன்றையும் கழற்றினார். அடியில், மூடிக்குள் ஒரு வால்வு இருக்கும். எத்தனை சுற்றில் மூடினோமோ அத்தனை சுற்றுதான் திரும்பத் திறக்க வேண்டும். அதையும் அவர் மறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை சுற்று என்று பென்சிலால் குறித்துவைத்தார். எங்கே குறித்தார் என்பதுதான் வேடிக்கை.

"எங்க எழுதின?" என்று கேட்டாள் நொரீன்.

கிளைவ் சுவரைக் காட்டினார். ரேடியேட்டருக்குப் பின்னால், நொரீன் மூன்று கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த பேப்பரில் நீலக் குருவிகள் வரிசையாகப் பறந்துகொண்டிருந்தன.

"இதுக்கு அடியிலயா?"

"மாட்டும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. சரின்னு எல்லாத்தையும் முழுசாத் தொறந்து விட்டுட்டேன். ஒரு சின்ன சதுரம் மட்டும் கீறிப் பாத்தா..."

"கத்தியத் தொட்டுப் பாரு. அப்புறம் இந்தக் குளிர் அறையில உங்க அண்ணன் இல்ல, நீதான் படுப்ப."

மூன்று மணிக்கே வாசல் மணி அடித்தது. ஹெட்லி முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு காகிதப் பையில் ஆறு ஆப்பிள். தங்கப்போகிறவர் கொண்டுவரும் சாமான் அது இல்லை. கிளைவுக்கு மனசு விட்டுப்போயிற்று.

முன்னறையில் ஹெட்லி கோட்டைக்கூடக் கழற்றாமல், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஊர் வழக்கப்படி பழக்கேக்கைச் சீஸ் துண்டோடு சாப்பிட்டார். நொரீன் இன்னொரு துண்டு வைக்கப்போனால், "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்" என்றார். தட்டைத் தானே கழுவுகிறேன் என்றார். சொந்தத் தம்பி வீட்டில் இப்படி விருந்தாளி மாதிரி இருக்கிற மனுஷனின் கையிலிருந்து கிளைவ் தட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

மாடியறையைக் காட்ட இருவரும் அழைத்துப் போனபோது ஹெட்லியின் கை அங்கிருந்த ரேடியேட்டரில் பட்டது. பஸ் டிப்போவில் முப்பத்தாறு வருஷம் மெக்கானிக்காக இருந்த கை. மேலே தொட்டது, உள்ளே போகும் குழாயைத் தொட்டது, வெளியே வரும் குழாயைத் தொட்டது.

"டேய் கிளைவ், இது என்னடா, கெழவன் கை மாதிரி இருக்கு?"

கிளைவ் கம்பளத்துக் கறையைக் காலால் மறைத்தார். நொரீன்தான் பென்சில் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். ஹெட்லி முதலில் இருமினார். அப்புறம்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"சுவத்துலயே எழுதி அது மேலயே பேப்பர் ஒட்டினியா? எல்லாத்தையும் முழுசாத் தொறந்தா பாய்லர் பக்கத்துல இருக்கறதே மொத்தச் சூட்டையும் முழுங்கிடும். தூரத்துல இருக்கறதுக்கு எச்சில்தான். ஸ்பானரக் குடு."

கோட் கழன்றது, சட்டைக் கை மடங்கியது. சமையலறை வால்வை இறுக்கி மூடி, கால் சுற்று மட்டும் திறந்தார். நடையில் இருப்பதற்கு அரைச் சுற்று. கிளைவ் மாடியில் குழாயைப் பிடித்தபடி நின்றார்.

"சூடு ஏறுதா?"

"இல்லண்ணே."

"பொறுடா. தண்ணி நடந்து வர வேண்டாமா?"

இப்படியே மேலும் கீழும் கத்திக்கொண்டிருந்ததில் ஆறு மணி பஸ் போனதை யாரும் கவனிக்கவில்லை. ஏழு மணிக்கு மாடியறை ரேடியேட்டர் கிளைவின் கையைச் சுட்டது. ஓடிவந்து சொன்னார்.

ஹெட்லி சந்தோஷமாகத்தான் தலையாட்டினார். பிறகு ஸ்பானரை மேஜைமேல் வைத்தார், கையைத் துடைத்தார், கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"நல்லது. வேலை முடிஞ்சுது. ஏழே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கு."

"அறை சூடாயிடுச்சேண்ணே. இருந்துட்டுப் போயேன்."

"நான் சும்மா ஒக்காந்து உங்க சோத்தத் தின்னுக்கிட்டு... வேணாம்டா. எனக்கு அது வராது."

எட்டு மாதமாகக் குளிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோமே, சிக்கல் குளிரில் இல்லையே என்று கிளைவுக்கு அப்போதுதான் உறைத்தது. நொரீன் கெட்டிலை வைக்கிறேன் என்று சமையலறைக்குப் போனாள். ஒரு நிமிஷம் கழித்து அங்கிருந்து குரல் வந்தது.

"ஹெட்லி, கொஞ்சம் வாங்களேன். இந்த ரேடியேட்டர் என்னவோ சலசலங்குது."

ஹெட்லி போய்க் குனிந்தார். மூடி கழன்று தரையில் கிடந்தது, வால்வு முழுசாகத் திறந்திருந்தது. நிமிர்ந்து நொரீனைப் பார்த்தார். அவள் ஸ்வெட்டர் பையில் ஸ்பானரின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தாள்.

ஹெட்லி மூடியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"இது ஒருநாள்ல அடங்கற மாதிரி தெரியலயே" என்றார் ஹெட்லி கடைசியில்.

"எத்தன நாள் ஆகும்ண்ணே?" என்று கேட்டார் பின்னாலேயே வந்து நின்ற கிளைவ்.

ஹெட்லி கோட் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"தெனமும் பாக்கணும். மார்ச் ஆயிடும்."