நின்ற இடத்தில் பதினாலாயிரம் அடி

பெயிண்டருக்கு ஏணி என்றால் உயிர். மனுஷன் பாதி ஆயுளை ஏணி மேலேயே குடித்தனம் நடத்திக் கழித்தார் என்று மச்சினன் கேலி செய்வான். அப்பேர்ப்பட்டவரை டாக்டரம்மா ஒரே பேச்சில் தரையில் இறக்கிவிட்டார்.

“பிரஷர் நூத்தி அறுபத்தி நாலு. தலைசுத்தலும் இருக்குங்கறீங்க. குறையற வரைக்கும் ஏணி ஏறக் கூடாது. மாத்திரையை விடாம போடுங்க, தினமும் நடங்க.”

அன்று முதல் கைக்கு எட்டுகிற சுவர் அவருக்கு, மேலே உள்ளது மச்சினனுக்கு. கூரையோரம் அவன் இழுக்கிற கோணல் கோட்டைக் கீழே நின்று பார்த்தாலே பெயிண்டருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள், நடக்கிற அடியை எண்ணும் கைப்பட்டை ஒன்று வாங்கி வந்தாள். இடக்கையில் பெயிண்ட் டப்பா இருக்கும், வழிந்து பாழாகிவிடும் என்று அவர் அதை வலக்கையில் கட்டிக்கொண்டார். முதல் நாளே பதினாலாயிரம் அடி! மகளுக்குத் தலைகால் புரியவில்லை, கடை முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். பெயிண்டரும் பூரித்துப்போய், வேலையிலேயே இவ்வளவு நடக்கிறோம், தனியாக வேறு நடப்பானேன் என்று இருந்துவிட்டார். தன் சோம்பலுக்குத் தோதாக வருகிற எண்ணிக்கையை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

ஒரு மாதம் கழித்தும் பிரஷர் இம்மிகூட இறங்கவில்லை. பட்டையின் கணக்கைப் பார்த்து டாக்டரம்மா முகம் சுளித்தார்.

“இவ்வளவு நடந்துமா குறையல? அடுத்த மாசமும் இப்படியே இருந்தா மாத்திரையைக் கூட்டணும். ஏணியை மறந்துட வேண்டியதுதான்.”



மறுவாரம் ஒரு மாடிப்படிச் சுவருக்கு ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தபோது கைப்பட்டை குறுகுறுவென்று அதிர்ந்தது.

“என்ன மாமா?” என்றான் ஏணியில் இருந்த மச்சினன்.

“பத்தாயிரம் அடி ஆயிடுச்சாம் மாப்ள.”

“டீ குடிச்சதுலேர்ந்து நின்ன இடத்தை விட்டு நீங்க அசையவே இல்லையே!”

பெயிண்டர் ரோலரைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். பட்டையில் பதினோரு அடி கூடியிருந்தது. மச்சினன் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. அவரும் சிரித்தார். ஆனால் மகள் முகம் நினைவுக்கு வந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாலை, மென்று விழுங்காமல் மகளிடம் சொல்லிவிட்டார். அவள் சிரிக்கவில்லை. பட்டையைக் கழற்றி அவருடைய இடக்கையில் கட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைச் சுற்றினாள். மறுநாள் எண்ணிக்கை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.

அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் வீடுவரை நடைதான். மச்சினன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே வந்தான். முதல் நாள் பெயிண்டருக்கு மூச்சு வாங்கியது. நாலாவது வாரம், “கொஞ்சம் மெதுவா போங்க மாமா” என்று மச்சினன் கெஞ்சினான்.

டாக்டரம்மாவிடம் முதலில் உண்மையைக் கொட்டிவிட்டுத்தான் கையை நீட்டினார். அவர் சிரித்துக்கொண்டே அளந்தார். நூத்தி முப்பத்திரண்டு!

“மாத்திரை அப்படியே இருக்கட்டும், நடையையும் விடாதீங்க. இனிமே ஏறலாம். லேசா தலை சுத்தினாலும் இறங்கிடணும், சரியா?”

மறுநாள் காலை ஏணியில் கால் வைக்கும் முன் மகளுக்குப் போன் போட்டார். “பாப்பா, ஏறப் போறேன்.”

மறுமுனையில் கடை இரைச்சல் குறைந்தது; அவள் வெளியே வந்திருந்தாள்.

“சரிப்பா. இறங்கினதும் ஒரு போன் போடுங்க.”

அன்று அவர் பதினோரு தடவை ஏறி இறங்கினார். பதினோரு தடவையும் போன் போட்டார். கடையில் எத்தனை கூட்டம் இருந்ததோ தெரியாது, ஒவ்வொரு தடவையும் முதல் மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள்.